ஓதுகிறார் என்று நினைத்தோம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, "உங்கள் அனுபவத்தை இவர்களுக்குச் சொல்லுங்கள்" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இயந்திரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஓட்டிய பெட் ஸ்கேன் இயந்திரத்தை இப்போது காயலான்கடைக்காரன்கூட வேண்டாம் என்பான். ஊசி போடுவது, படுக்க வைப்பது, படம் எடுப்பது எல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். ஆகவே ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மூளையில் தப்பான பக்கத்தை வெட்டி எடுப்பதற்கு நான் வேலை பார்த்த வேலூர் மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பதுதான் கதை. உட்கார்ந்தபடி இதைச் சொல்ல எனக்கு வராது. எழுந்து நின்றுகொள்கிறேன், யாரும் தப்பாக நினைக்காதீர்கள்.

அவர் பெயர் இம்தியாஸ், ஆம்பூர்க்காரர். பகலில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் வேலை. அதோடு அவர் ஒரு ஹாபிஸ். குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதக்கூடியவர்களை அப்படிச் சொல்வார்கள். ரம்ஜான் மாதம் இரவுத் தொழுகையில் முன்னால் நின்று, புத்தகம் பார்க்காமல், தினமும் கொஞ்சமாக மொத்தத்தையும் ஓதி முடிக்கிற ஆள். அவர் தெருப் பள்ளிவாசலில் அது அவருடைய இடம். எங்களிடம் வருவதற்கு முந்தைய ரம்ஜானில், ஓதிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, வெறும் வாயை மென்றபடி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் இருந்த ஒருவர்தான் தொடர்ந்து ஓதித் தொழுகையை முடித்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் இம்தியாஸ் முன்னால் போய் நிற்கவில்லை.

அவர் வியாதி பிடிபட அத்தனை வருடம் ஆனதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. வலிப்பு வருவதற்கு முன் அவருக்கு ஒரு வாசனை வரும், தோல் கருகுகிற வாசனை. ஆம்பூரில் ஒருவர் "தோல் வாசனை வருது" என்றால் எவன் அவரை டாக்டரிடம் கூட்டிப் போவான்? "ஏம்பா, எங்களுக்கு மட்டும் இன்னா மல்லிப்பூ வாசனையா வருது?" என்று கம்பெனியில் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஒருநாள் குடும்பத்தோடு ஏலகிரி மலைக்குப் போன இடத்தில், நல்ல காற்றில் நின்றுகொண்டு "அதே வாசனை" என்று அவர் சொன்னபோதுதான் மனைவி நஸ்ரீனுக்குப் பகீர் என்றது. அடுத்த வாரமே எங்களிடம் இழுத்து வந்துவிட்டார்.

விழுந்து கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு இல்லை அது. பார்வை நிலைகுத்தும். வாய் மெல்லும். விரல் எதையாவது நோண்டும். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்பார். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில், டெம்போரல் லோபில், பிறக்கிற வலிப்பு. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அடங்கவில்லை. ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்று ஆனது.

இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தப் பகுதிக்குள் புதிய விஷயங்களைப் பதியவைக்கிற ஒரு சின்ன உறுப்பு உண்டு, ஹிப்போகாம்பஸ். இடதில் ஒன்று, வலதில் ஒன்று. கெட்டுப்போனதை எடுத்துவிட்டால் நல்லதை வைத்துக் காலத்தை ஓட்டலாம். நல்லதை எடுத்துவிட்டுக் கெட்டதை உள்ளே விட்டுவைத்தால் ஆள் அவ்வளவுதான். வலிப்பும் நிற்காது, காலையில் யாரோடு பேசினோம் என்பது மத்தியானம் ஞாபகம் இருக்காது. எந்தப் பக்கம் என்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நம் துறையே இருக்கிறது.

இம்தியாஸ் விஷயத்தில் எம்ஆர்ஐ படம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. மூளையின் மின் அலையைப் பதிகிற ஈஈஜி இரண்டு பக்கமும் மாறி மாறி வலிப்புப் பொறி காட்டியது. ஞாபகப் பரிசோதனையில் வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒன்று விடாமல் ஒப்பித்தார். வார்த்தை ஞாபகம் பெரும்பாலும் இடது பக்கத்து வேலை. இடது கெட்டவர் இப்படி ஒப்பிக்க மாட்டாரே என்று அங்கேயே ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். "ஹாபிஸ் ஆச்சே, பழக்கம்" என்று மெச்சிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டோம்.

பிறகு பெட் ஸ்கேன். சர்க்கரையோடு கதிரியக்கம் சேர்த்த மருந்தை ஊசியில் ஏற்றி, அமைதியான அறையில் உட்கார வைப்போம். மூளையில் எந்த இடம் எவ்வளவு சர்க்கரை தின்கிறதோ அவ்வளவு வெளிச்சம் படத்தில் வரும். வலிப்புக்காரர்களுக்குக் கெட்ட இடம் சாதாரண நேரத்தில் சோம்பிக் கிடக்கும், மங்கலாகத் தெரியும். படத்தில் இம்தியாஸின் இடது பக்கம் மங்கல், வலது வெளிச்சம். இடதுதான் என்று முடிவானது. ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

முந்தின நாள் மத்தியானம் அவருக்குத் தலைமுடி எடுக்க ஆள் வந்து வார்டு வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் டீ கிளாசோடு தாழ்வாரத்தில் வந்தேன். நஸ்ரீன் பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் நர்ஸ் கலைவாணி உட்கார்ந்து தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணியம்பாடிப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய் ஓயாத பெண், மனசு தங்கம்.

"அழாதீங்கக்கா. அவரு எவ்ளோ பக்தியான ஆளு! அன்னிக்கு ஸ்கேனுக்கு ஊசி போட்டு உக்கார வெச்சோம்ல, கண்ணை ஒரே எடத்துல வெச்சிக்கினு வாய்க்குள்ளயே ஓதிக்கினே இருந்தாரு. கையில தஸ்பீ மணி உருட்டிக்கினு. நான் கண்ணாடி வழியா பாத்தேன், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கதவைக்கூடத் தொறக்கல."

நஸ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தஸ்பீயா? அது எம் பைலதானே இருந்துச்சு சிஸ்டர்! மோதிரம், வாட்சு, தஸ்பீ எல்லாம் கழட்டி நீங்கதானே என் கையில குடுத்தீங்க?"

ஜபமணி இல்லாத விரல் எதை உருட்டியது?

"கலை, இங்க வா. அவரு இன்னா பண்ணாரோ அதை அப்பிடியே செஞ்சி காட்டு" என்றேன்.

"இன்னா மேடம்..."

"செய்டீ!"

பயந்துபோய்ச் செய்து காட்டினாள். கண் நிலைகுத்தி நின்றது. உதடு மென்றது. வலது கை விரல்கள் போர்வை ஓரத்தை உருட்டின. இடது கை மட்டும் விறைத்து, மணிக்கட்டில் கோணிக்கொண்டு கிடந்தது. "இந்தக் கை இப்பிடி இருந்துச்சு மேடம். ஏசி ஜாஸ்தியா இருக்குதோன்னு அப்புறமா உள்ள போயி போர்வையை இழுத்து வுட்டேன்" என்றாள்.

ஐயோ, அது ஓதுதல் இல்லை! வலிப்பு! மருந்து மூளைக்குள் ஏறுகிற அதே நேரத்தில் வந்த வலிப்பு! வலிப்பு வரும்போது கெட்ட இடம் சோம்பிக் கிடக்காது, பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்ததுபோல் சர்க்கரையை அள்ளித் தின்னும். அப்படியானால் படத்தில் வெளிச்சமாக இருந்ததுதான் கெட்ட பக்கம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் நல்ல பக்கம் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. இடது கையை ஆட்டிவைப்பது வலது மூளை. கோணிய கை இடது கை என்றால் வலிப்பு பிறந்தது வலது மூளையில். நாளைக்குக் கத்தி வைக்கப் போவதோ இடதில்!

டீ கிளாசை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. முடி எடுக்க வந்தவரிடம் "அண்ணே, அந்த ஆளு மேல கைய வெக்காதீங்க!" என்று கத்திவிட்டு, கலைவாணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

எங்கள் துறைத் தலைவர் அதிகம் பேசாதவர். சிரித்து நான் பார்த்ததில்லை. வலிப்புக்காரர்களுக்கு ஊசி போட்டபின் ஈஈஜி வயரை மாட்டி வைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தான். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அந்த இயந்திரத்தை ஐசியூவுக்கு அவசரமாக எடுத்துப் போயிருந்தார்கள். "வலிப்பு வந்தா கூப்பிடு" என்று மட்டும் கலைவாணியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு வலிப்பு என்றால் விழுந்து இழுப்பது. தன் எதிரில் இருந்தவரோ ஊரறிந்த ஹாபிஸ். மரியாதை தெரிந்த பெண் வேறு என்ன செய்வாள்?

நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். கலைவாணி தேம்பித் தேம்பி அழுதாள். "சார், வேலைய வுட்டுத் தூக்கிடாதீங்க சார்."

அவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரும்மா. அன்னிக்கு அவரை நீ ஒருத்திதான் பாத்திருக்கே. நாங்க எல்லாரும் படத்தைத்தான் பாத்தோம். இன்னொரு தரம் செஞ்சி காட்டு."

அவள் செய்து காட்டினாள். அவர் போனை எடுத்து ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம், "நாளைக்கு வேணாம். நான் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குறேன்" என்றார். அந்தப் பக்கம் கத்தினது அறை முழுக்கக் கேட்டது. தியேட்டர் ஒதுக்கியாச்சு, மயக்க மருந்து டாக்டர் வெளியூரிலிருந்து வந்தாச்சு, விளையாட்டா என்று. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "திட்டுங்க. வேணாம்" என்று வைத்துவிட்டார். பெரிய மனுஷன் என்றால் அவர்தான் பெரிய மனுஷன்! எழுதியதை எழுதியவனே எல்லோர் எதிரிலும் அழிக்கிறதற்கு எத்தனை பேருக்கு நெஞ்சு வரும் சொல்லுங்கள்.

படத்தைத் திரையில் திரும்பப் போட்டோம். வலது பக்கம் சாதாரண வெளிச்சம் இல்லை, அளவுக்கு மீறின வெளிச்சம். "சார், வலதுதான் சார்! பளிச்சுனு தெரியுதே!" என்று நான் குதித்தேன்.

"நேத்து இடதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுது சாந்தா" என்றார். "கலைவாணி சொன்னதை வெச்சி ஒரு ஆபரேஷனை நிறுத்தலாம். இன்னொரு ஆபரேஷனைப் பண்ண முடியாது. வேற சாட்சி வேணும்."

பிள்ளைகளே, ஒரு தப்பைக் கண்டுபிடித்த குஷியில் அடுத்த தப்பைச் செய்யப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் நின்ற நிதானம்தான் இந்தத் தொழில்.

இம்தியாஸிடம் அவரே போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். இம்தியாஸ் கேட்டார்: "நாளைக்குப் பண்ணியிருந்தா நான் படிச்சது எல்லாம் போயிருக்குமா சார்?"

"பழசு ஓரளவு நின்னிருக்கும். புதுசா ஒரு வரிகூட மனசுல நின்னிருக்காது."

நஸ்ரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இம்தியாஸ், "அப்ப சரியா கண்டுபுடிங்க சார். எவ்ளோ நாள் ஆனாலும் இருக்கேன்" என்றார்.

வேறு சாட்சி எது என்றால், ஏற்பிகள். மூளையில் "அடங்கு, அடங்கு" என்று சொல்லி நரம்புகளைத் தணிக்கிற காபா என்கிற வேதிப்பொருள் ஓடுகிறது. அது வந்து உட்காருகிற இடம்தான் ஏற்பி. தழும்பேறிய ஹிப்போகாம்பஸில் இந்த ஏற்பிகள் குறைந்துபோய்விடும். ஏற்பியில் போய் ஒட்டுகிற ஒரு மருந்தில் கதிரியக்கம் சேர்த்து ஏற்றினால், ஏற்பி உள்ள இடம் ஒளிரும், அழிந்த இடம் இருண்டு கிடக்கும். சர்க்கரைப் படம் அந்த நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருந்தது என்று காட்டும். இது அங்கே என்ன மிச்சம் இருக்கிறது என்று காட்டும். காலையில் ஒரு வலிப்பு வந்துபோனது என்பதற்காக அவ்வளவு சுலபமாகப் புரண்டுவிடாது. அப்போது அந்த மருந்தை ஆராய்ச்சிக்காக மட்டும் பெங்களூரில் ஒரு கூடத்தில் தயாரித்தார்கள். எங்கள் தலைவர் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார்.

ஒரு சிக்கல் இருந்தது. இம்தியாஸ் சாப்பிட்டு வந்த வலிப்பு மாத்திரைகளில் ஒன்று இதே ஏற்பியில்தான் போய் உட்காரும். அது உள்ளே இருந்தால் எங்கள் மருந்துக்கு இடமிருக்காது, படம் பொய் சொல்லும். வார்டிலேயே வைத்து அதை மெல்ல மெல்ல நிறுத்தினார்கள். வலிப்பு அதிகமானது. ஒவ்வொரு தடவையும் நஸ்ரீன் துடித்தது எனக்குத்தான் தெரியும்.

மருந்து வருகிற நாள். கதிரியக்கம் வழியிலேயே கரைந்துகொண்டே வரும், ஐஸ்கட்டியை வெயிலில் தூக்கி வருகிற மாதிரி. நான் வாசலுக்கும் அறைக்கும் அலைந்தேன். டிரைவர் ஆம்பூரிலிருந்து போன் செய்தார். "மேடம், ஷூ கம்பெனி ஷிப்ட் வுட்டுட்டாங்க. ரோடு பூரா லேடீஸ், பஸ்ஸா நிக்குது. ஒரே பேஜார்."

"ஹாரனை அடிய்யா! இறங்கிக் கும்பிடு! எப்படியாவது வா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். டிரைவர் உண்மையிலேயே இறங்கிக் கும்பிட்டாராம். 'ஆஸ்பத்திரி மருந்து' என்று கேட்டதும் அந்தப் பெண்களே பஸ்களை ஓரம் கட்ட வைத்து வழிவிட்டார்களாம். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்!

மருந்து வந்தது. ஊசியை ஏற்றுவதற்கு முன் நஸ்ரீனைத் தனியாகக் கூப்பிட்டேன். "யம்மா, நான் திட்ட மாட்டேன். அவரு படுற பாட்டைப் பாத்துட்டு அந்த மாத்திரையை ஒண்ணாவது குடுத்தியா? குடுத்திருந்தா இப்பவே சொல்லிடு, இன்னொரு நாள் எடுத்துக்கலாம்."

நஸ்ரீன் என்னை முறைத்தார். "கையில வெச்சிக்கினு அழுதேன் மேடம். அல்லா மேல சத்தியமா குடுக்கல."

அந்த முறைப்பை நம்பி ஊசியைப் போட்டேன். இந்த முறை ஈஈஜி வயர் தலை முழுக்க இருந்தது. கலைவாணி கண்ணாடிக்கு வெளியே நிற்கமாட்டேன் என்று சொல்லி, கதிரைத் தடுக்கிற ஈய உடையோடு அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இம்தியாஸின் உதடு அசைந்தது. அவ்வளவுதான், பாய்ந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாய்! பாய்! உங்க பேரு இன்னா? இது எந்த ஊரு?"

"வேலூரு! வுடுங்க சிஸ்டர், நெசமாவே ஓதிக்கினு இருக்கேன்!"

"கண்ணைத் தொறந்து என்னைப் பாத்துக்கினே ஓதுங்க!"

அத்தனை பதற்றத்திலும் நாங்கள் சிரித்த சிரிப்பில் ஈஈஜி பார்க்கிறவர் எங்களை அதட்டினார். அலைகள் அமைதியாக ஓடின. வலிப்பு இல்லை.

படம் திரையில் வந்தது. இடது பக்கம் உள்ளே அழகாக, முழுசாக ஒளிர்ந்தது. வலது பக்கம் ஹிப்போகாம்பஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. யார் பார்த்தாலும் தெரிகிற இருட்டு! நாங்கள் சிரித்தே பார்த்திராத எங்கள் தலைவர் மேஜையைக் கையால் ஓங்கி அடித்து "வலது!" என்று கூவினார். நான் அழுதுவிட்டேன். கலைவாணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த நல்ல இடது பக்கத்தைத்தான் வெட்டி எறிய இருந்தோம்!

அன்றிலிருந்து எங்கள் துறையில் ஒரு வழக்கம் வந்தது. ஊசி போட்டு உட்கார வைத்த வலிப்புக்காரர் சாமி கும்பிட்டாலும் சரி, தூங்கினாலும் சரி, போய்த் தொட்டுப் பெயரைக் கேட்போம். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். நீங்களும் கேளுங்கள். கண்ணால் கண்டதை வந்து சொல்கிறவள் நேற்றுச் சேர்ந்தவளாக இருந்தாலும் உட்கார வைத்துக் கேளுங்கள். அதட்டினீர்கள் என்றால் அடுத்த முறை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

வலது பக்கம் ஆபரேஷன் நடந்தது. வலிப்பு நின்றது. வாசனையும் போய்விட்டது. "இப்ப ஊர்ல வர்ற தோல் வாசனைதான் வருது" என்று இம்தியாஸ் சொல்லிச் சிரித்தார். ஆனால் எங்கள் தலைவருக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொரு முறை அவர் பரிசோதனைக்கு வரும்போதும் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று துருவுவார்.

சில மாதம் கழித்து ஒருமுறை வந்தபோது இம்தியாஸ் முகம் வாடியிருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், ஒரு விஷயம். மொத்தத்தையும் ஓதிப் பாத்தேன். ஒரு எடத்துல நாலஞ்சு வரி காணோம். சுத்தமா இல்ல."

தலைவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"அப்புறம் இன்னா சார், குர்ஆனைத் தொறந்து வெச்சிக்கினு உக்காந்தேன். சின்னப் புள்ளையாட்டம் முதல்லேந்து படிச்சேன். மறுநாள் ஓதிப் பாத்தேன், இருந்துச்சு. அதுக்கப்புறம் வேணும்னே கொஞ்ச நாள் அந்த எடத்துக்கே போகாம வுட்டுட்டு ஓதினேன். அப்பவும் நிக்குது. அதனால இந்த ரம்ஜானுக்கு முன்னால நிக்கிறேன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் நாலஞ்சு வரி போச்சே சார், அதான் சொல்லிடலாம்னு..."

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து அவரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். சத்தம் போட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

அவர் தோளுக்கு மேலே எட்டி என்னைப் பார்த்து இம்தியாஸ் ஒன்றும் புரியாமல் கேட்டார்: "மேடம், வரி மறந்துபோச்சுன்னு சொல்றேன், இவரு இன்னாத்துக்கு இப்பிடி சிரிக்கிறாரு?"